தறிக்கூடத்தில் ஓதிய யாசீன்

"ஏலே, படு! எந்திரிக்காத!"

கத்துவது முருகேசன். நான் ஏற்கெனவே தரையில்தான் கிடக்கிறேன். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கூரை இறங்குகிறது. தகரம். கண்ணாடி. பஞ்சு. பஞ்சு மட்டும் மெதுவாக இறங்குகிறது.

சூடான். விடிந்தும் விடியாத நேரம். அங்கே நாங்கள் நெய்தது பேண்டேஜ் துணி. அந்தத் தறி தெரிந்த ஃபிட்டர்களை ராஜபாளையம் பக்கம் தேடிப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். மூன்று பேர் போனோம். ராஜபாளையத்திலிருந்து நான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் மைதீன் மச்சான். செட்டியார்பட்டியிலிருந்து முருகேசன். ஒரே அறை, ஒரே குக்கர். சண்டை வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலாளி விமானம் ஏறிவிட்டார். எங்கள் பாஸ்போர்ட் அவர் அலமாரியில். சாவி அவர் பையில். சுவர் கனம் என்று தறிக்கூடத்தில் பதுங்கிக் கிடந்தோம்.

புகை விலகுகிறது. மச்சானைத் தேடுகிறோம். தறிக்கு அடியில் கிடக்கிறார். வயிற்றில் தகரம். சுற்றிலும் பேண்டேஜ் துணி, சுருள் சுருளாக, ஆள் உயரத்துக்கு. அள்ளி அமுக்குகிறோம். நனைகிறது. மாற்றுகிறோம். நனைகிறது. ஒரு ஊருக்கே கட்டுப்போடத் துணி இருந்தது. ஒரு மனிதனின் ரத்தத்தை நிறுத்த முடியவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"மாப்ள" என்றார். "யாசீன் ஓதுங்க."

புரிந்துவிட்டது. உயிர் பிரியும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவது எங்கள் வழக்கம். போகிறவர் தனியாகப் போகக்கூடாது.

என் குர்ஆன் போனில் இருந்தது. ஷிஃப்டு, ஓவர்டைம், வீட்டுக்கு வீடியோ கால். இதற்கு நடுவே காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். அவசரம் என்றால் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பேன். கரண்ட் போய் நாளாகிவிட்டது. போன் செத்துக் கிடந்தது. தொடக்கம் மட்டும் மனப்பாடம். ஓதினேன். நின்றது. திரும்பத் தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது. மச்சான் என் வாயையே பார்க்கிறார். அவருக்கு முழுக்கத் தெரியும். ஓதத்தான் மூச்சு இல்லை.

வெளியே இன்னொரு விசில்.

அப்போது முருகேசன் அடுத்த வரியைச் சொன்னான்.

கழுத்தில் முருகன் டாலர் போட்டவன். அறையில் மச்சான் தினமும் விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து சத்தமாக யாசீன் ஓதுவார். நைட் ஷிஃப்டு முடித்து வந்தவன் போர்வைக்குள்ளிருந்து புலம்புவான். "பாய், செத்த நேரம் தூங்க விடும்." "பொறவு தூங்கலாம்லே" என்பார் அவர். வருடக்கணக்காக இதே கூத்து. தூக்கம் கெட்டுக்கெட்டுப் பாடம் ஏறியிருக்கிறது. அது அவனுக்கே தெரியாது.

அவன் எடுத்துக்கொடுக்கிறான். நான் ஓதுகிறேன். உச்சரிப்பு சுத்தமான செட்டியார்பட்டி. மச்சானின் உதடு கூடவே அசைந்தது. ஓரிடத்தில் அவனைப் பார்த்துச் சிரித்தார். விசில்கள் வந்தபடி இருந்தன. எனக்குப் பயம் இல்லை. அத்தனை அமைதியாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

மச்சானின் உதடு நின்றது. முருகேசன் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் போனான். அடுத்த குண்டு அவன் பக்கத்துச் சுவரில் விழுந்தது.

மச்சானை மதிலோரம் அடக்கினோம். லாரியில் துறைமுகம். பாஸ்போர்ட்டுக்குப் பதில் தூதரகம் தந்த ஒரு தாள். கப்பல். ஊர்.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. பரபரப்பான வாழ்க்கையில் குர்ஆன் தரும் அமைதியைப் பற்றி இளைஞர்களிடம் பேசச் சொன்னார்கள் பள்ளிவாசலில். மேடை ஏறவில்லை. தூக்க மாத்திரைக்குச் சிபாரிசு செய்வது போல அதைப் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டுச் செட்டியார்பட்டிக்குப் பஸ் ஏறுவேன். முருகேசனுக்கு எதிரே உட்கார்ந்து யாசீனை முழுக்க ஓதுவேன். போன் இல்லாமல். அவன் என் உதட்டையே பார்ப்பான். தப்பினால் விரலைத் தூக்குவான்.

அவன் மனைவி ஒருநாள் கேட்டாள். "அவியளுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே அண்ணே. பொறவு யாருக்கு ஓதுதீய?"

காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இழந்தவை. மைதீன் மச்சான், ஓர் உயிர். அவரை அடக்கிய கபுர், ஒன்று. அந்த மதிலே இன்று இல்லை என்கிறார்கள். முருகேசனின் காதுகள், இரண்டு. குண்டுக்கு முன் அவை கடைசியாகக் கேட்டது யாசீன்.