பட்டன் பலகை

— கையை எடுங்க சார். பையனே பட்டனைப் போடட்டும்.

— நான் எங்க மேடம் தொட்டேன்? சும்மா ஓட்டையைக் காட்டினேன்.

— காட்டவும் வேண்டாம். இந்த ரூம்ல பெரியவங்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் உட்காரணும். அம்மாவைப் பாருங்க.

— அவ எப்பவும் சும்மாதான் உட்கார்ந்திருப்பா.

— ஆமாங்க. காலையில ரெண்டு பேரைக் கிளப்பிவிட்டுட்டு, இங்க வந்துதான் சும்மா உட்கார்றேன்.

— மேடம், நேராவே சொல்றேன். மேடை மேடையா ஏறி, சொந்தக் கால்ல நில்லுங்கன்னு ஊருக்கே சொல்றவன் நான். என் பையன் இங்க என்ன பண்றான்? துணி கிளிப் மாட்டுறான், மாவு உருட்டுறான். இதுக்குப் பேரு சிகிச்சையா? இன்னிக்கு இந்தப் பலகையில மாட்டியிருக்கிற துணியில ஒரே ஒரு பட்டன் போடட்டும். இல்லேன்னா இதோட நிறுத்திக்கலாம்.

— கிளிப்பை அழுத்தி அழுத்தித்தான் சார் விரலுக்கு பலம் வரும். வந்த புதுசுல ஸ்பூனைக்கூடப் பிடிக்க வரல இவனுக்கு. இப்ப நிறுத்தினா அதுவும் போயிடும்.

— ஏங்க, இப்பத்தான் தானா சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கான். பாழாக்கிடாதீங்க.

— எல்லாம் நீ குடுக்கற செல்லம். டேய், போடுடா! ஓட்டை எங்கயோ இருக்கு, நீ எங்கயோ தள்ளுற!

— கத்தாதீங்க சார்! பாருங்க, பலகையைப் போட்டுட்டு மேசைக்கு அடியில போயிட்டான். சிங்கக்குட்டி, ஒண்ணுமில்லடா.

— சோம்பேறித்தனம், வேறென்ன? பட்டன் போடத் தெரியாத ஆளு எங்க பரம்பரையிலேயே கிடையாது.

— அப்போ நீங்களே ஒரு தடவை நிதானமா போட்டுக் காட்டுங்க. அங்கிருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான்.

— வேண்டாங்க. விட்டுடுங்க.

— நீ ஏன் குறுக்க வர்ற? குடுங்க மேடம் பலகையை. டேய், அப்பாவைப் பாரு. இப்படிப் பிடிச்சு... இந்தப் பக்கமா... என்ன துணி இது, வழுவழுன்னு?

— முரட்டுத் துணிதான் சார்.

— ஓட்டை வேற சின்னது.

— குழந்தைங்களுக்குன்னு பெருசா வெட்டினது. சார், ஓட்டை இங்க இருக்கு, நீங்க அங்க தள்ளுறீங்க.

— ஏசியை இவ்வளவு வச்சா விரல் எப்படி மேடம் வளையும்?

— அட, வெளிய வந்துட்டான்! சிங்கக்குட்டி, அப்பாவுக்கு உதவி பண்ணக் கூடாது. கை எங்க? தொடைக்கு அடியில. சமத்து!

— எல்லாரும் இப்படி உத்து உத்துப் பார்த்தா எவனுக்கு மேடம் வரும்?

— அவனுக்கும் அப்படித்தான் சார் இருக்கும். சரி, பலகை வேண்டாம். உங்க சட்டை பட்டனையே கழட்டிப் போட்டுக் காட்டுங்க. தினமும் போடறதுதானே?

— சட்டையா? அது... இஸ்திரி கலைஞ்சிடும் மேடம்.

— ஏங்க, பலகையைக் கீழ வைங்க. காலையில அப்பா, பையன் ரெண்டு பேருக்கும் நான்தான் மேடம் பட்டன் போட்டுவிடறேன். செவ்வாய்க்கிழமை சிகிச்சைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றேன்.