வரதன் திருப்பிச் சொன்னது

பகல் பன்னிரண்டு மணி. சித்திரை வெயில். அல்லிமேட்டு ஏரிக்கரைப் பாதையில் ஒரு ஈ காக்கை கிடையாது...

சிரிக்காதீர்கள். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? உச்சி வேளையில் தனியாகப் போகாதே என்று வீட்டில் அதட்டி வளர்த்தார்களே, அது எதற்காம்? அந்த அரிக்கேனைக் கொஞ்சம் தணியுங்கள், பூச்சி மொய்க்கிறது. இப்படி நெருங்கி உட்காருங்கள்.

இது என் சிநேகிதன் சுகுமாருடைய சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் முனிரத்தினம். போலீஸ் கான்ஸ்டபிள். வீடு உத்திரமேரூரில். எந்த ஸ்டேஷன் என்று மட்டும் கேட்காதீர்கள். எழுபத்தொன்பது வாக்கில் நடந்த கதை. மனுஷர் சைக்கிளில் அந்தக் கரையோடு வந்துகொண்டிருக்கிறார். மதகுக்குப் பக்கத்தில் சங்கிலி கழன்றுவிட்டது. இறங்கிக் குனிந்து மாட்டப் பார்க்கிறார். கையெல்லாம் கருப்பு. சங்கிலி உட்காரவில்லை.

“தூ... சனியன்!” என்றார்.

மதகுக்குக் கீழேயிருந்து வந்தது...

“தூ... சனியன்!”

அவருடைய குரலேதான். வெயிலில் மிதித்து வந்த மூச்சிரைப்பு இருந்தது பாருங்கள், அது உட்பட. அதோடு ஒரு வாசனை. ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. ஆனால் ஈரச் சேற்று வாசனை அடிக்கிறது. அந்தச் சேற்றுக்குள்ளே இன்னொரு வாசனை... லாக்கப் தரையில் ஊற்றுகிற ஃபினாயில்.

முனிரத்தினம் நிமிரவே இல்லை. யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அது வரதன்.

அல்லிமேட்டில் சொக்கம்மாள் என்று ஒரு விதவை. அவளுக்கு ஒரே பிள்ளை இந்த வரதன். முப்பது வயது ஆள், ஆனால் சின்னதிலிருந்தே புத்தி சரியில்லை. சொந்தமாக ஒரு வார்த்தை வராது. நாம் என்ன சொல்கிறோமோ அதையே நம் குரலில், நம் ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வான். “வரதா, சாப்டியா?” என்று கேட்டால் “வரதா, சாப்டியா?” என்பான். கிண்டல் கிடையாது. அவனுக்குத் தெரிந்த பேச்சே அதுதான். டீக்கடைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான். ஒருவருக்கும் தொந்தரவு இல்லை. நம் முனிரத்தினமும் அந்தக் கடையில் டீ குடிக்கிறவர்தான். அவனிடம் ஏதாவது சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்துச் சிரித்தவர்தான்.

ஒரே ஒரு குறை சொக்கம்மாளுக்கு. அவனிடம் போய் “அம்மா” என்று யார் சொல்வார்கள்? யாரும் சொன்னதில்லை. அதனால் அவனும் ஒரு நாளும் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

அதற்கு முந்தின கார்த்திகையில் அல்லிமேட்டுப் பக்கம் பம்புசெட் மோட்டார்கள் திருட்டுப் போயின. ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு எஸ்.ஐ. வந்திருந்தார். ரோந்து போகையில் ஏரிக்கரையில் வரதன் நடந்துகொண்டிருந்தான்.

“யார்ரா நீ?” என்றார் எஸ்.ஐ.

“யார்ரா நீ?” என்றான் வரதன்.

ஜீப்பில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே முனிரத்தினம் டியூட்டியில் இருந்தார். பார்த்ததும் எழுந்து நின்றார். “சார்... இவன்...” என்று ஆரம்பித்தார்.

“இன்னாய்யா?” என்று எஸ்.ஐ. திரும்பினார்.

“ஒண்ணுமில்ல சார்.”

அவ்வளவுதான். இவன் இப்படிப்பட்டவன் சார் என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லவில்லை. எஸ்.ஐ. லத்தியை அவர் கையிலேயே கொடுத்தார்.

“சொல்றா, எங்க வெச்சிருக்க?” என்று அடித்தார் முனிரத்தினம்.

“சொல்றா, எங்க வெச்சிருக்க?” என்றான் வரதன்.

எஸ்.ஐ.க்கு முகம் சிவந்தது. “கிண்டல் பண்றான்யா. போடு!” என்றார். இவர் போட்டார். அவன் திருப்பிச் சொன்னான். இவர் கத்தக் கத்த அவனும் கத்தினான். ஒரு கட்டத்தில் இவருக்கே கை ஓய்ந்தது. அவன் வாயை மூடிக்கொண்டால் எஸ்.ஐ. விட்டுவிடுவார் என்று தோன்றியது. குனிந்து அவன் காதோடு கெஞ்சினார்.

“போதும்டா சாமி... வாய மூடு.”

“போதும்டா சாமி...” என்றான் வரதன். மீதியைச் சொல்லவில்லை.

விடிவதற்குள் உடம்பை மதகுக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டார்கள். கரையில் வழுக்கிக் கல்லில் விழுந்தான் என்று பேச்சு. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் முனிரத்தினமும் “ஆமாம் சார்” என்றுதான் சொன்னார். சொக்கம்மாள் ஸ்டேஷன் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, கடைசியா எம் புள்ள எதனா சொன்னானா?” என்றாள்.

“இல்லம்மா” என்றார் முனிரத்தினம்.

இப்போது மதகுக்கு வாருங்கள். சங்கிலியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பனை ஓலைகூட அசையவில்லை.

“வரதா...”

“வரதா...” என்றது.

மனுஷருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை மாதமாகச் சொல்ல முடியாததைச் சொல்லிவிட ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தார்.

“மன்னிச்சிடுறா.”

பதில் இல்லை.

காத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சத்தமாக, “மன்னிச்சிடு வரதா” என்றார். ஒன்றும் வரவில்லை. நாக்கு உலர்ந்து, தன்னை அறியாமல் “தண்ணி...” என்று முனகினார்.

“தண்ணி...” என்றது.

எல்லாம் திரும்பி வருகிறது... அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. புரிகிறதா?

மறுநாளே சொக்கம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இவர் நின்றபடியே சொன்னார். பிள்ளை வழுக்கி விழவில்லை, ஸ்டேஷனில் அடித்ததில் செத்தான் என்று சொன்னார். “எஸ்.ஐ. தான்மா அடிச்சாரு. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். தடுக்கல. அதான் எம் மேல தப்பு” என்றார். பாருங்கள், அப்போதும் பாதி உண்மைதான். அப்புறம் மதகடியில் கேட்ட குரலைப் பற்றியும் சொன்னார்.

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ முறத்தைக் கீழே வைத்தாள்.

“அங்க கீறானா எம் புள்ள? என்ன இட்டுக்கினு போய்யா.”

போனார்கள். அதே உச்சி வேளை. சொக்கம்மாள் மதகுப் பக்கம் குனிந்து கூப்பிட்டாள். “வரதா... கஞ்சி குடிச்சியா கண்ணு?”

பதில் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கம்மிப்போயிற்று.

“நீ கூப்புடு” என்றாள்.

“வரதா.”

“வரதா...” என்று கீழேயிருந்து வந்தது. கிழவிக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. முனிரத்தினத்தின் குரல்தான், ஆனாலும் அவளுக்குத் தெரியாதா? முப்பது வருஷம் கேட்ட பேச்சு.

“அவனேதான்யா! இன்னொரு தபா. இல்ல... இரு. அம்மான்னு சொல்லு.”

அவர் தலையாட்டி மறுத்தார். அவள் கெஞ்சினாள்.

“அம்மா” என்றார்.

“அம்மா...” என்றது மதகு.

சொக்கம்மாள் அப்படியே வெடித்த மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

அதற்குப் பிறகு தினம் போனார்கள். வீட்டில் பந்தோபஸ்து டியூட்டி என்று சொல்லிவிட்டு இவர் சைக்கிளை எடுப்பார். அவள் சொல்லச் சொல்வதை இவர் சொல்வார். “அம்மா பசிக்குது” என்பார். “அம்மா நான் நல்லா கீறேன்” என்பார். அது திரும்பி வரும். அவள் கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டுவாள். இவருக்குக்கூட மனசு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. பாவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுகிறோம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

ஆனியில் ஒரு நாள்... வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். இவர் இன்னும் வாயையே திறக்கவில்லை. வாசனை முதலில் வந்தது. ஃபினாயில். அப்புறம் குரல் தானாகவே பேசியது.

“சார்... இவன்...”

முனிரத்தினத்தின் குரல்.

“இன்னாய்யா?” இது எஸ்.ஐ. குரல்.

“ஒண்ணுமில்ல சார்.”

எழுந்திருக்கப் பார்த்தார். சொக்கம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கீழே சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஈரத் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பார்களே... அந்த மாதிரிச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவில் முனிரத்தினத்தின் குரல். “சொல்றா, எங்க வெச்சிருக்க? சொல்றா...” அந்த ராத்திரி முழுக்க ஒன்று விடாமல் வந்தது. கடைசியில், “போதும்டா சாமி...” என்றது. நின்றது.

சொக்கம்மாள் கையை விட்டாள்.

“அடிச்சது நீயா?”

“நான்தான்மா.”

“அவன் இப்படின்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

அவள் காய்ந்த ஏரிப் பக்கம் திரும்பினாள். அப்புறம், “இத்த ஆபீசருங்ககிட்ட வந்து சொல்லுவியா?” என்று கேட்டாள்.

“எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீதுங்கம்மா. வேல பூட்டா அதுங்க நடுத்தெருவுலதான் நிக்கும்...”

அவள் எழுந்து புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

“அப்ப நாளைக்கும் வா” என்றாள்.

போனார். போகாமல் இருக்க முடியவில்லை என்று பிற்பாடு சுகுமாரிடம் சொன்னாராம். போய் உட்காருவார். அவள் வருவாள். முதலிலிருந்து கடைசி வரைக்கும் அந்த ராத்திரி முழுக்க ஓடும். இருவரும் கேட்பார்கள். முடிந்ததும் அவள் அதே கேள்வியைக் கேட்பாள், இவர் பேசாமல் இருப்பார். “அப்ப நாளைக்கும் வா.” ஆடியிலும் இப்படித்தான், ஆவணியிலும் இப்படித்தான். மனுஷர் பாதியாக இளைத்தார். சட்டை தோளில் நிற்காது. ஒரு முறை ஸ்டேஷனிலிருந்து கிளம்பி விசாரணைக்கு வந்த அந்த அதிகாரியின் ஆபீஸ் வாசல் வரைக்கும் போனாராம். சைக்கிளை நிறுத்தி, படியேறி, பியூனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

புரட்டாசியில் சொக்கம்மாள் ஜுரத்தில் செத்துப்போனாள். முனிரத்தினம் சுடுகாட்டு வேலிக்கு வெளியே நின்று, எரிந்து முடியும் வரை பார்த்தார். வீட்டுக்கு வந்து தலைமுழுகினார். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எத்தனையோ மாதம் கழித்து, அசந்து தூங்கினார்.

மறுநாள் லீவு. உச்சி வேளை. உத்திரமேரூர் வீட்டில், ஏரியை விட்டு அத்தனை தூரத்தில், கூடத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். வெளியே காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் மனைவி கனகா அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கனகாவுக்கு அல்லிமேடும் தெரியாது, சொக்கம்மாளும் தெரியாது.

“இன்னாங்க... வாசல்ல யாரோ ஒரு வயசான அம்மா வந்து கீறாங்க. உள்ள வாங்கன்னா வரமாட்டேன்றாங்க. உங்கள கெளம்பச் சொன்னாங்க. நேரமாவுதாம்.”

முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்தார்.

“அவரு தூங்கறாரேன்னு சொன்னேன். பரவால்ல, அவரு வரலன்னா பெரிய பொண்ண இட்டுக்கினு போறேன்னாங்க. யாருங்க அவங்க? நம்ம புள்ளைய அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். தெரு வெறிச்சென்று கிடந்தது. கிழவி இல்லை. யாருமே இல்லை.

பெரியவள் மட்டும் படியிறங்கித் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். ஏழு வயசுப் பெண். திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள்... பக்கத்தில் வருகிற யாரோ பிடித்திருப்பதுபோல, ஒரு கையை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டு.