மூணேகால் பஸ்

— நிறுத்து, நிறுத்து கார்னெட்டு! அங்க பாரு, வேலியோரமா கறுப்பா ஏதோ கெடக்கு!

— வைக்கோல் உருளை, அத்தை. போன மாசத்துலேருந்து அங்கயேதான் கெடக்கு.

— இறங்கிப் பாத்துடேன். ஒரே ஒரு வாட்டி.

— மாமா நடந்து போகல அத்தை. என் பிக்கப் வண்டிய எடுத்துட்டுப் போயிருக்காரு, அதான் நாம உங்க காருல சுத்துறோம். நாம தேட வேண்டியது வண்டிய. அவ்ளோ பெரிய வண்டி கண்ணுக்குத் தப்பாது. ஒண்ணும் ஆகாது.

— இன்னொரு தடவ ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே, கதவத் தெறந்துட்டுக் குதிச்சுருவேன். வெளியில மைனஸ் முப்பத்தொண்ணு. எம்பத்தஞ்சு வயசு, ஞாபகம் தப்புன மனுஷன். கால்ல வீட்டுச் செருப்பு, மேல ஒரு கம்பளிச் சட்டை. கோட்டு முதியோர் இல்லத்துல ஆணியிலயே தொங்குது. ஒண்ணும் ஆகாதாம்!

— தப்பு என்னுதுதான். இஞ்சின ஓட விட்டுட்டு, சாவியையும் அதுலயே விட்டுட்டு இல்லத்துக்குள்ள போனேன்.

— இந்த ஊருல பிப்ரவரியில எவன்டா வண்டிய அணைக்கிறான்? அணைச்சா மறுபடி கெளம்புமா? உன்ன நான் ஒண்ணும் சொல்லல. பெட்ரோல் எவ்வளவு இருந்துச்சு, அதச் சொல்லு.

— கால் டேங்க்குக்கும் கம்மி. திரும்பும்போது போட்டுக்கலாம்னு இருந்தேன்.

— அது எத்தன நேரம் வரும்?

— ஓட்டிக்கிட்டே இருந்தா இந்நேரம் தீந்திருக்கும். ஒரு எடத்துல நின்னு ஓடிட்டு இருந்தா, ஆறு மணி வரைக்கும் ஹீட்டர் வேலை செய்யும்.

— இப்ப நாலே முக்கால். இஞ்சின் நின்னுச்சுன்னா?

— நிக்காது அத்தை.

— நின்னா எவ்ளோ நேரம்டா? பொய் சொல்லாம சொல்லு.

— அரை மணி. கோட்டு இல்லாத ஆளுக்கு அதுகூட வராது.

— கடவுளே! பாழாப்போன காத்து வேற, எதிரே வண்டி மூக்கே தெரியல. போலீஸ்காரங்க கூப்பிட்டாங்களா?

— கூப்பிட்டாங்க. நெடுஞ்சாலையில ரெண்டு பக்கமும் தேடறாங்களாம். ஒண்ணும் இல்ல. உங்க பழைய பண்ணையில இல்ல, மாதா கோயில்ல இல்ல, கோதுமைக் கிடங்கு நின்ன எடத்துலயும் இல்ல. நீங்க சொன்னதெல்லாம் பாத்தாச்சு.

— அம்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவ நான். பொறந்த எடத்தச் சொன்னேன், இல்ல. எங்களுக்குக் கல்யாணம் நடந்த எடத்தச் சொன்னேன், இல்ல. அந்த மனுஷன் எங்க போவாருன்னு பொண்டாட்டிக்கே தெரியல. நான்லாம் ஒரு பொண்டாட்டி!

— அழாதீங்க அத்தை. கண்ணாடி பூரா ஆவி படியுது.

— அவரு ஓடிப்போனதே என்னாலதான். உன்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில கையெழுத்துப் போட்டேன்.

— எதுல?

— அவர ரெஜைனா நகரத்துக்கு அனுப்புறதுக்கு. அங்க பெரிய ஆஸ்பத்திரியில பூட்டுப் போட்ட வார்டு ஒண்ணு இருக்கு. மூணு மணி நேரப் பயணம். இந்த வயசுல நான் எப்படிப் போய்ப் பாப்பேன்? ஆனாலும் போட்டேன். உன் நெஸ்டர் மாமா அடுத்தவங்கள அடிக்கக் கை ஓங்குறாருன்னு இல்லத்துல எழுதி வச்சிருந்தாங்க, கார்னெட்டு. நான் கையெழுத்துப் போடும்போது அவரு அங்க ஜன்னல் பக்கம்தான் ஒக்காந்திருந்தாரு. கேட்டிருப்பாரு. புரிஞ்சிருக்கும்.

— மாமாவா கை ஓங்குனாரு?

— நானும் அதத்தான் கேட்டேன். ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டுனாங்க. நான் வாய மூடிக்கிட்டேன். அவரு இன்னைக்குச் செத்தா அந்தக் கையெழுத்துதான் கொன்னுச்சுன்னு அர்த்தம்.

— அப்படில்லாம் பேசாதீங்க. அவரு இல்லத்துல சாவி சாவின்னு கேப்பாருன்னு சொன்னீங்களே, அது எப்பப்ப?

— தெனமும்தான். மதியம் ரெண்டே முக்கால் ஆச்சுன்னா நிலகொள்ளாது. சாவி எங்க, சாவி எங்கன்னு ஒவ்வொருத்தர் பாக்கெட்டாத் தடவுவாராம். எதுக்குக் கேக்குறே?

— என் வண்டி காணாமப் போனது மூணு மணிக்கு.

— அதுக்கு?

— பள்ளிக்கூடம் விடுறது மூணேகால்.

— ஐயோ.

— முப்பத்திமூணு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுன மனுஷன். நாம கோயில்லயும் பண்ணையிலயும் தேடிட்டு இருக்கோம். அவரு டூட்டிக்குப் போயிருக்காரு, அத்தை!

— அந்தப் பள்ளிக்கூடத்த இடிச்சுப் பதினஞ்சு வருஷமாச்சேடா.

— அவருகிட்ட யாரு சொன்னா?

— திருப்பு வண்டிய! வழி ஞாபகம் இருக்கா உனக்கு? நீ அந்த பஸ்லதானே போனே?

— பன்னெண்டு வருஷம். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். மொதல்ல பிலூஸ் வீடு.

— பிலூஸ் ரெட்டைப் பசங்க! நெனப்பு இருக்கு. அவங்கம்மா வேரா, காலையில பஸ் வந்ததும் ஓடி வந்து நெஸ்டருக்கு அவிச்ச முட்டை ரெண்டு குடுப்பா. ஒவ்வொரு கையுறைக்குள்ளயும் ஒண்ணு.

— ஆமா, மாமா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிப்பாரு. பஸ் ஸ்டியரிங் பனிக்கட்டி மாதிரி இருக்கும்ல. முட்டை ஆறுற வரைக்கும் கைக்குச் சூடு, அப்புறம் வயித்துக்குன்னு சொல்லிச் சிரிப்பாரு.

— அந்த வேராவும் இப்ப இல்லத்துலதான், நாலாம் நம்பர் ரூம்ல படுத்த படுக்கையாக் கெடக்கா. போன வாரம் நெஸ்டர் அவ கட்டில்கிட்ட போய் நின்னு ரெண்டு கையையும்...

— என்ன அத்தை?

— ரெண்டு கையையும் நீட்டுனாராம். அதத்தான்டா எழுதியிருந்தாங்க. படுத்திருக்குற பொம்பளைய அடிக்கக் கை நீட்டுனாருன்னு. அதப் படிச்சுட்டுதான் நான் கையெழுத்துப் போட்டேன். அவரு முட்டைக்குக் கை நீட்டியிருக்காரு! அந்த நர்சுப் பொண்ணு வெளியூரு, அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியணும்ல? எனக்குத் தோணணும்ல, கார்னெட்டு?

— இப்ப தோணுச்சுல்ல. சரி, சரி. பிலூஸ் வீட்டு வாசல் இதான். ஹார்ன் அடிக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் பாருங்க.

— ஒண்ணும் இல்ல. ஜன்னல் எல்லாம் பலகை அடிச்சுக் கெடக்கு. அடுத்தது?

— அடுத்தது கிழவர் பேடர் ஹௌகன்.

— அவருக்குக் கல்யாணமே ஆகலியே. பிள்ள ஏது?

— பிள்ள இல்லாட்டியும் பஸ் நிக்கும். புயல் அடிக்கிற நாள்ல மாமா அங்க நிறுத்தி, புகைபோக்கியில புகை வருதான்னு பாப்பாரு. நாங்கல்லாம் ஜன்னல்ல மூக்க வச்சுக்கிட்டு, வருது வருதுன்னு கத்துவோம். எனக்குப் பதினாறு வயசு இருக்கும்போது ஒரு நாள் வரல. மாமா எங்கள உள்ளயே இருக்கச் சொல்லிட்டு இறங்கிப் போனாரு. திரும்பி வந்து கதவச் சாத்துனாரு. அப்புறம், பேடர் ஐயா தூங்குறாரு பசங்களா, சத்தம் போடாம வாங்கன்னாரு.

— என்கிட்ட அவரு அதச் சொன்னதே இல்ல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டாரு. நான் திட்டினேன். சமைச்சு வச்சத வீணடிக்கிறீங்களேன்னு திட்டினேன்டா.

— இங்கயும் இல்ல அத்தை. தடம் எதுவும் தெரியல, காத்து மூடிருது.

— மணி அஞ்சாச்சு. இருட்டப் போகுது. சீக்கிரம் போ.

— இதுக்கு மேல போனா பள்ளத்துல விழுவோம். அடுத்தது தெஷார்லே வீடு. புளோரிஸ்டீன் அம்மா. பூர்வகுடிக் கலப்புன்னு அந்தம்மாவோட நாலு பிள்ளைங்களையும் ஊருல யாரும் பக்கத்துல சேக்க மாட்டாங்க. பஸ்ல பின்னாடி சீட்டுக்குத் தொரத்துவாங்க. நானும் தொரத்தியிருக்கேன். ஒரு நாள் மாமா பஸ்ஸ நடு ரோட்டுல நிறுத்தி, அதுங்க நாலையும் கூப்பிட்டுத் தனக்குப் பின்னால மொத சீட்டுல ஒக்கார வச்சாரு. பிடிக்காதவன் இறங்கி நடந்துக்கலாம்னாரு.

— யாராச்சும் இறங்குனாங்களா?

— மைனஸ் இருபதுல எவன் இறங்குவான்? பொறுங்க. பொறுங்க அத்தை. இங்க பாருங்க, மரத்துக்கு அந்தண்ட காத்து படாத எடம். டயர் தடம்!

— எங்க? எங்கடா?

— வாசல் வரைக்கும் போயித் திரும்பியிருக்கு. புதுத் தடம். இந்த வீட்டுல ஆளிருந்து ஏழு வருஷமாச்சு. மாமாதான் அத்தை! மாமாதான்!

— உயிரோட இருக்காரு! கடவுளே, உயிரோட இருக்காரு. போ, போ! அடுத்தது யாரு?

— இன்னும் ஒண்ணுதான் பாக்கி.

— யாருன்னு கேக்குறேன்ல?

— நான்தான். கடைசியா இறங்குறது நான்.

— அடப்பாவி! அப்போ நேரா அங்கதானேடா போயிருக்கணும்? எதுக்கு என்ன ஊரெல்லாம் சுத்த வச்சே?

— அந்தப் பக்கம் போறதே இல்ல நான். ரெண்டு வருஷமாச்சு. வண்டிய அந்த ரோட்டுல திருப்பவே கை வரல.

— ஏன்?

— அங்க வீடு இல்ல அத்தை. வித்துட்டேன். நகரத்துக்காரர் ஒருத்தர் வந்து, மரவீட்ட அப்படியே அடியோட தூக்கி, பெரிய லாரியில ஏத்தி, ஏரிக்கரைக்குக் கொண்டு போயிட்டாரு. கோடைக்குத் தங்குறதுக்காம். எங்கப்பா கட்டுன வீடு ரோட்டுல ஊர்ந்து போறத வயல்ல நின்னு பாத்தேன். இப்ப அங்க இருக்குறது நிலவறைப் பள்ளம் ஒண்ணு, சுத்தி நாலு மரம்.

— உங்கம்மா தோரா எப்படி ஒத்துக்கிட்டா? அவளுக்கு அந்த வீடுன்னா உயிராச்சே.

— அம்மாவுக்குத் தெரியாது. இல்லத்துக்கு நான் எப்ப போனாலும், வீட்டுக்கு எப்பப் போறோம்னு கேக்கும். பனி உருகட்டும், வசந்தத்துல போலாம்னு சொல்வேன். ரெண்டு வசந்தம் போயிருச்சு. இன்னைக்குப் போனப்ப ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. தூங்குறாங்க, எழுப்பாதீங்கன்னாங்க. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. நேராப் போயி காப்பி குடிச்சேன். அந்த நேரத்துலதான் மாமா வண்டிய எடுத்திருக்காரு.

— சரி விடு. பெத்தவகிட்ட பொய் சொன்னது நீ ஒருத்தன் மட்டும் இல்ல. வீடே இல்லாத எடத்துல இந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? திரும்பிப் போயிருப்பாரா?

— போக மாட்டாரு. அதுதான் ஆபத்து.

— என்னடா சொல்றே?

— புயல் நாள்ல பிள்ளைய இறக்கிவிட மாமா ஒரு முறை வச்சிருந்தாரு. வீட்டுல இருக்குறவங்க வெளி விளக்க ரெண்டு தரம் அணைச்சுப் போடணும். நாங்க இருக்கோம், பிள்ளைய அனுப்பலாம்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் பஸ் கதவே தெறக்கும். விளக்கு வரலன்னா, விடிய விடிய ஆனாலும் நகர மாட்டாரு.

— அங்க விளக்குப் போட யாருமே இல்லியே!

— இல்ல.

— பெட்ரோல் தீர்ற வரைக்கும் நிப்பாரு. தீந்த பின்னாடியும் நிப்பாரு. அவரப் பத்தித் தெரியும் எனக்கு. மிதிடா! பள்ளத்துல விழுந்தா விழட்டும்!

— இதோ திரும்பியாச்சு. இதான் எங்க ரோடு. ஐயோ...

— என்னாச்சு?

— மாட்டிக்கிச்சு. முன்சக்கரம் பனிக்குள்ள போயிருச்சு. பின்னாலயும் போக மாட்டேங்குது.

— நான் இறங்கி நடக்குறேன்.

— ஒக்காருங்க! பத்தடி போனா உங்கள நான் தேடணும். இங்கேருந்து மரம் இருக்குற எடம் எரநூறு அடிதான். ஆனா ஒண்ணுமே தெரியலியே. நெஸ்டர் மாமா! மாமோவ்!

— இந்தக் காத்துல நீ கத்துறது எனக்கே கேக்கல. கார்னெட்டு, முன் விளக்கு.

— எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு.

— அணை. அணைச்சுப் போடு. ரெண்டு தரம்.

— அத்தை...

— போடுடா! அவரு காத்துக்கிட்டு இருக்குறது அதுக்குத்தானே?

— ஒண்ணு. ரெண்டு.

— மறுபடி போடு.

— ஒண்ணு. ரெண்டு. அதோ! சிவப்பா, அங்க, தாழ! பிரேக் விளக்கு! என் வண்டி அத்தை! இஞ்சின் இன்னும் ஓடுது!

— பாத்துட்டாரு! பாத்துட்டாருடா! நெஸ்டர்! ஏங்க! நான்தான், ஒரிஸ்யா!

— கதவு தெறக்குது. உள்ள விளக்கு எரியுது, தெரியுது.

— செருப்புக் காலோட இறங்கப் போறாரு. ஓடு, ஓடிப்போய்ப் புடி! என் கோட்டையும் எடுத்துக்க!

— இல்ல, மாமா இறங்கல. அவரு ஸ்டியரிங்லதான் ஒக்காந்திருக்காரு. தெறந்தது பக்கத்து சீட்டுக் கதவு.

— வேற யாருடா இருக்கா அதுல?

— யாரோ கைத்தடிய ஊனி இறங்குறாங்க. போர்வை போத்தியிருக்காங்க. கடவுளே. அத்தை, அம்மா இல்லத்துல படுத்துத் தூங்குறாங்கன்னுதானே என்கிட்ட சொன்னாங்க? என் கையப் புடிச்சுக்குங்க, மாமாகிட்ட போலாம்.

— ஒரிஸ்யாவா அது? இந்தக் குளிர்ல நீ எதுக்கு வந்தே? இன்னைக்கு ரொம்ப நேரம் பண்ணிட்டாங்க விளக்குப் போட. சரி, கடைசி ஆளும் இறங்கியாச்சு. வா, வீட்டுக்குப் போவோம்.

— கார்னெட்டு, நீயாடா? மரமெல்லாம் நம்ம மரந்தான், எண்ணிப் பாத்துட்டேன். வீடு எங்கடா?