தொண்ணூத்தேழாம் பக்கம்

— அந்த நடிகரோட வாழ்க்கை வரலாறு இருக்கே பைண்டரக்கா, அதை இனிமே யாருக்கும் குடுக்காதீங்க. முந்நூறு பக்கமும் தம்பட்டம். காலையில நாலு மணிக்கு எழுந்தேன், எழுந்தேன்னு. எழுப்பிவிட்டது யாருன்னு ஒரு வரி கிடையாது.

— மெதுவாப் பேசுங்க டெய்லரம்மா. இது லைப்ரரி.

— இருக்கிறதே நாம ரெண்டு பேர். அந்த டாக்டரம்மா எழுதினதாவது பரவாயில்லையான்னா, அதுவும் இல்ல. நோயாளி பொழைச்சா தன் கைராசி, போயிட்டா அவன் விதி! அட, நாவல்ல மட்டும் என்ன வாழுதாம்? இந்த மழைக் காதல் நாவலையே எடுத்துக்குங்க. ஆரம்பம் அமர்க்களம். அவன் அவ வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டான். எனக்கு மெஷின்ல கால் ஓடல. பக்கத்தைப் புரட்டினா, குடிநீர்க் குழாய் பதிக்கிறது எப்படின்னு ஆரம்பிச்சுட்டான் பாவி! முப்பது பக்கம்! காதலிக்கிறவன் பேசுற பேச்சா அது?

— குழாயா?

— நாலு அங்குலம், ஆறு அங்குலம்னு. நான் தாண்டிப் போயிட்டேன். ஆனா சும்மா சொல்லக் கூடாதுக்கா, இன்னொண்ணு குடுத்தீங்களே, நம்ம ஊர் ரிட்டயர்டான இன்ஜினியர் எழுதினது, 'குழாய்களோடு நாற்பது ஆண்டுகள்'. புத்தகம்னா அது புத்தகம்!

— அதையா சொல்றீங்க? எழுதினவரைத் தவிர அதை யாரும் முழுசாப் படிச்சதில்லையே.

— முதல் தொண்ணூத்தாறு பக்கம் தூக்கம் வரும், ஒத்துக்கறேன். மனுஷன் பம்ப் ஹவுஸ் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார். அடுத்த பக்கம், அவ கதவைத் தட்டறார்!

— எவ கதவை?

— அதைத்தானே நானும் கேட்டேன்! வெளியில கொட்டுற மழை. இவர் தொப்பலா நனைஞ்சு நிக்கிறார். அவ துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிடறா. ஆளைப் பார்த்தா இப்படின்னு சொல்ல முடியுமா?

— ரெண்டு புத்தகத்தையும் இப்படிக் குடுங்க. தொண்ணூத்தாறு... தொண்ணூத்தேழு... ஐயோ, போச்சு!

— என்னக்கா, முகம் வெளுத்துப் போச்சு?

— ரெண்டும் ஒரே அளவு. ஒரே நாள்ல மேஜையில பிரிச்சுப் போட்டிருந்தேன். ரெண்டுமே பதினாறு பதினாறு பக்கமா மடிச்ச தாள் கட்டுகள். பக்க எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கித் தைப்பேன். எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நாவலோட ரெண்டு கட்டு இதுக்குள்ள, இதோட ரெண்டு கட்டு அதுக்குள்ள!

— அப்போ அந்தப் பொண்ணு இன்ஜினியரோட காதலி இல்லையா?

— இல்லவே இல்ல!

— அடக் கடவுளே! 'என்னை விட்டுட்டுப் போகாதீங்க'ன்னு அவ கதறுறா. இவர் உடனே, 'ஆகவே வால்வை மாற்றும்படி மேலிடத்துக்கு எழுதினேன்'ங்கிறார். துக்கத்தை வேலையில போட்டு முழுங்கிட்டாரேன்னு நான் விக்கி விக்கி அழுதேனே!

— நீங்க அழுதது கிடக்கட்டும். அந்த இன்ஜினியர்தான் நம்ம லைப்ரரி கமிட்டித் தலைவர். கெட்டி அட்டை போட்டு லைப்ரரியில வைக்கச் சொல்லி அவரே என் கையில குடுத்தது இது. ஆறு வருஷமா நான் இங்க தற்காலிகம். என்னை நிரந்தரம் பண்றதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு வெள்ளிக்கிழமை அவர்தான் முடிவு பண்ணணும். இப்பவே பிரிச்சுச் சரியாத் தைச்சுடறேன். வேற யாரும் படிக்கலையே?

— எங்க தெருவுல ஒரு பதினோரு பேர்.

— டெய்லரம்மா!

— அவரு வீட்டம்மாவைச் சேர்த்தா பன்னிரண்டு. துணி தைக்க அளவு குடுக்க வந்தாங்க. உங்க வீட்டுக்காரர் எழுத்துல கில்லாடிங்கன்னு நானே கையில குடுத்தேன். திருப்பிக் குடுக்கும்போது முகம் உர்ருனு இருந்துச்சு.

— என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே!

— உஷ்! வாசலைப் பாருங்க. தலைவரே வர்றார்.

— வணக்கம். என் புத்தகத்துல தொண்ணூத்தேழாம் பக்கத்தைத் தைச்சது யாரு?

— நான்தான் ஐயா. வேணும்னு செய்யல ஐயா. கை தவறிப் போச்சு. இதோ, இப்பவே பிரிச்சு...

— அதுல கை வைக்காதீங்கம்மா! முப்பத்திரண்டு வருஷத்துல என் மனைவி நான் எழுதின எதையும் படிச்சதில்லை. இதை ஒரே மூச்சுல படிச்சிருக்கா. மூணு நாள் என்கூடப் பேசல. நாலாம் நாள், 'யாரவ?'ன்னு கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க தலைவரே?

— உள்ளதைத்தான். அப்படி ஒருத்தி இல்லவே இல்லைன்னு. நம்பினாத்தானே! அன்னையிலேர்ந்து நான் நடக்கப் போனா கூடவே கிளம்பிடறா. வழியெல்லாம் கேள்வி. அந்த வயசுல எப்படி இருந்தீங்க, என்ன சட்டை போடுவீங்க, மழை பெய்தா எங்க போவீங்கன்னு. ரிட்டயரானதுலேர்ந்து எங்க வீட்டுல டி.வி. மட்டும்தான் பேசிக்கிட்டு இருந்துச்சும்மா. நேத்து நாங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே நடந்தோம்.

— ஐயா, அப்போ வெள்ளிக்கிழமை என் வேலை...

— உங்களை நிரந்தரம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாச்சு. இந்தாங்க, ரெண்டாம் பாகம் அச்சாகி வந்திருக்கு, இன்னும் தைக்கல. ஆமா, உங்க மேஜையில இப்போ வேற எந்த நாவல் கிடக்கு?