சாகாத நெல்லு

— பிப்ரவரி இருபத்தொண்ணு, சனிக்கிழமை. பாலாத்துக்கரை சோதனை வயல். மேகலா பேசறேன் சார். ஒரு தப்பு நடந்துடுச்சு. அறுப்பு பன்னெண்டாந்தேதியே முடிஞ்சிருக்கு. நான் பன்னெண்ட மாத்தி இருபத்தொண்ணுன்னு குறிச்சு வச்சுட்டேன். ஈவினிங் க்ளாஸ் முடிஞ்சு பஸ்ல வரும்போது எழுதினது. தப்பு என்னோடதுதான்...

— யாருகிட்ட பேசினுகீற?

— ஆபீசுக்கு மாமா. வாய்ஸ் மெசேஜ்.

— மாமாவா? வாசல்ல டீசல் கேனோட வண்டிய நிறுத்திட்டு மாமான்னு வேற கூப்புட்ற. பச்சையப்பன்னே சொல்லு, மேடம். கையெழுத்து வாங்கறப்ப அப்டித்தான எழுதின.

— சரி. அந்தக் கையெழுத்து எதுக்குன்னு ஞாபகம் இருக்கா? வெளஞ்சது மொத்தத்தையும் எங்க கண்ணு முன்னால எரிக்கணும். ஒரு மணி நெல்லு வெளிய போகக் கூடாது. வைக்கோல மாடு கூட திங்கக் கூடாது.

— ஞாபகம் இருக்குது. அப்ப என் கயினி உப்பு பூத்து வெள்ள வெளேர்னு கெடந்துச்சு. எங்க வெளயப் போவுதுன்னுதான் போட்டேன் கையெழுத்து. வெளயாதத எரிச்சா எனுக்கு இன்னா?

— வெளஞ்சிடுச்சு. அதான் வந்திருக்கேன்.

— வெளஞ்சிடுச்சுன்னு சாவு சேதி மாதிரி சொல்ற. டேனரித் தண்ணி ஓடைல வந்து, ஓடைலேர்ந்து கெணத்துல எறங்கி, இருவது வருசமா அங்க எருக்கஞ்செடி கூட நிக்கல. இப்ப இடுப்பு ஒசரத்துக்கு நின்னுச்சு பயிரு. எம் பொண்டாட்டி எல்லம்மா வரப்புல குந்திகினு அழுதா. அத நீ கொளுத்திட்டு போய்ட்டே இருப்ப.

— எதனால வெளஞ்சுதுன்னு நட்டப்பவே சொன்னேன் இல்ல. உப்பத் தாங்கற மாதிரி லேப்ல மரபணுவ மாத்தின நெல்லு. இந்த மண்ணுல வருதான்னு பாக்கத்தான் போட்டோம். திங்கறதுக்கு இல்ல.

— வருதான்னு பாக்க என் கயினி. திங்கறதுக்கு வேற எவன் கயினியோ.

— டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு மாமா. கதிர் முத்தினப்ப கொஞ்சம் எடுத்துட்டுப் போனேன் இல்ல? அரிசிக்குள்ள குரோமியம் இருக்கு. டேனரில தோல் பதப்படுத்த ட்ரம்முல போடுவாங்களே, அதே குரோமியம். ரொம்ப ஜாஸ்தி. நானே ரெண்டு தடவ சரி பாத்தேன். அப்பவும் என்மேல நம்பிக்க இல்லாம வேற லேபுக்கு அனுப்பினேன். அங்கயும் அதேதான்.

— தேதிய ஒழுங்கா எழுதத் தெரியல, நீ சரி பாத்தியாம். குரோமியத்தப் பத்தி எனுக்கு பாடம் எடுக்காத. உங்கப்பன் சாமிநாதனக் கேளு. வாணியம்பாடி டேனரில அத வெறுங்கையால அள்ளிப் போட்டவன். விரலிடுக்குல ஓட்ட ஓட்டயா புண்ணு வந்துச்சு. அந்தச் சம்பளத்துலதான் நீ மேடம் ஆன.

— அந்தக் கையப் பாத்து வளந்தவ நான். அதனாலதான் சொல்றேன். தோல்ல பட்டதுக்கே அப்டி. வயித்துக்குள்ள போனா?

— இப்ப போகாமயா இருக்குது? ஆம்பூர் மார்க்கெட்ல கட்டு கட்டா கீர விக்கறாங்களே, எந்தத் தண்ணில வெளஞ்சுது? இதே ஓடை. ஓடைக்கர புல்லு தின்ன மாட்டுப் பாலுலதான் உங்க ஆபீஸ்ல டீ போடறான். அங்கல்லாம் டீசல் கேன் தூக்கினு போனியா?

— போகல.

— ஏன்?

— அங்க போக எனக்கு அதிகாரம் இல்ல.

— ஆங். என் வூட்டு வாசல்ல மட்டும் அதிகாரம் வந்துடுச்சு. டேனரி கேட்டாண்ட போய் ஒரு நாளு நின்னுகீறியா நீ?

— கத்தாதீங்க. ஒரே ஒரு விஷயம் கேளுங்க. பழைய நெல்லு இந்த மண்ணுல செத்துச்சு. அது செத்ததாலதான் நாம திங்கல. விஷம் மண்ணோட நின்னுடுச்சு. இது சாகாது. பச்சப் பசேல்னு நிக்கும், வேர்ல வர்றதெல்லாம் உள்ள வாங்கி வச்சுக்கும். பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. அதான் எனக்கு பயம்.

— நட்றப்ப இந்த பயம் எங்க போச்சு?

— அப்ப தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் நட்டோம்.

— தெரியாமயே என் கயினில கொண்டாந்து வச்ச. இப்ப தெரிஞ்சதும் கொளுத்த வந்துட்ட. நடுவுல நான் யாரு? சோதனை எலியா?

— நீங்க சொல்றது நியாயம்தான். எனக்கே அது சரியா இருந்துச்சான்னு தெரியல. ஆனா இன்னொண்ணும் யோசிங்க. இந்த நெல்லு வெளயுதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா டேனரிக்காரன் இன்னா சொல்வான்? தண்ணி நல்லாத்தான இருக்கு, நெல்லே வருதேம்பான். அப்பறம் ஓடைய யாரு நிறுத்துவா?

— இப்ப எவன் நிறுத்தினான்? மனு குடுத்து குடுத்து என் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். அந்தச் செருப்பும் இதே ஊர்ல தச்சதுதான்.

— போதும் மாமா. மூட்டையக் காட்டுங்க. டிரைவர் காத்துனு இருக்கான்.

— உள் ரூம்புல இருக்குது. பூட்டில்ல. போய் எடுத்துக்கோ.

— ...மாமா, இது பதரு. உள்ள அரிசியே இல்ல.

— அடுத்த மூட்டையப் பாரு.

— இதுவும் பதருதான். நெல்லு எங்க?

— தின்னுட்டோம்.

— வெளயாடாதீங்க.

— ஒரு படி குத்தி பொங்கினோம். நானும் எல்லம்மாவும் தின்னோம். சோறு சோறாத்தான் இருந்துச்சு. அவ ரெண்டாவது தடவ போட்டுகினா.

— ரெண்டு பேரும் திங்கள்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரீங்க. நானே கூட்டினு போறேன். மீதி எங்க?

— எதுக்கு சொல்லணும்?

— சொல்லலன்னா உங்க பேரப் போட்டு ஆபீசுக்கு அனுப்பிடுவேன். போலீஸ் வரும். கேஸ் ஆகும். கோர்ட்டு கோர்ட்டா அலஞ்சு பேஜாராயிடுவீங்க.

— அனுப்பு. பச்சையப்பன். இனிஷியலோட எழுது, வேற எவனாச்சும் மாட்டிக்கப் போறான். எங்க ரெண்டு பேரு தோஸ்தியும் தெரிஞ்ச பொண்ணுன்னு பாத்தேன். உங்கப்பனும் நானும் ஒரே ஏர்ல உழுதவங்கோ.

— தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு இதுல பாக்க முடியாது.

— முடியாதா?

— முடியாது. யாரா இருந்தாலும் பேரு போகும்.

— யாரா இருந்தாலும்?

— யாரா இருந்தாலும்.

— நல்லது. சாமிநாதன் எப்டி கீறான்?

— எதுக்கு பேச்ச மாத்தறீங்க? நல்லாத்தான் இருக்காரு. டாக்டர் நடக்கச் சொன்னாராம். இந்த ஒரு வாரமா விடியறதுக்குள்ள கெளம்பறாரு, பொழுது சாஞ்சுதான் வர்றாரு.

— நடக்கறானா. கால்ல சேத்தோடவா வர்றான்?

— இன்னா சொல்றீங்க?

— நீ பன்னெண்டாந்தேதி வந்திருந்தா நெல்லு மொத்தமும் களத்துலயே கெடந்திருக்கும். ஊத்தி கொளுத்திட்டு போயிருப்ப. நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும்? நீ வர்ல. மறுநாளு உங்கப்பன் வந்தான். டேனரி ஓடைத் தண்ணிய அவன் கயினி பக்கம் நான்தான் திருப்பி வுட்டேன்னு என்னோட பேச்ச நிறுத்தினவன். அது நெசமும்தான். இத்தினி வருசம் கழிச்சு வந்து களத்துல ஒரு பிடி நெல்ல அள்ளி கையில வச்சுகினே நின்னான். அப்பறம் 'எனுக்கும் குட்றா'ன்னான்.

— பொய். அந்த நெலத்தப் பத்தி அவரு வாயே தெறக்க மாட்டாரு.

— வூட்ல எப்டி தெறப்பான்? பொண்ணு டீசல் கேன் தூக்கறவ.

— எவ்ளோ குடுத்தீங்க?

— எல்லாத்தையும். நான் தண்ணிய திருப்பினதுக்கு வேற இன்னா குடுக்க முடியும்? முந்தாநேத்து ஊற வச்சுட்டான். இந்நேரம் மொள வுட்டிருக்கும். மூட்டைய எங்க வச்சிருக்கான்னு எனுக்கும் சொல்லல. நாத்தங்கால சேறடிச்சு தயாரா வச்சிருக்கான். நாளைக்கு விடிஞ்சதும் தெளிக்கணும். மொள வெதயோட அவன் கயினில நிக்கப் போறான், வெள்ள வேட்டி கட்டினு.

— மாமா...

— இப்ப மாமா இல்ல. அந்த மெசேஜ் பாதில நிக்குது. எடு போன. யாரா இருந்தாலும்னு சொன்ன. பேசு, மேடம்.

— அவருக்கு அந்தக் கயினிய விட்டா...

— எனுக்கும் அதே கயினிதான் இருந்துச்சு. பேசு.

— பிப்ரவரி இருபத்தொண்ணு, சனிக்கிழமை. முன்னாடி பாதில விட்டதோட தொடர்ச்சி சார். நெல்லு இங்க இல்ல. மொள கட்டி வெதக்கப் போறாங்க. நாளைக்கு, ஞாயித்துக்கிழமை, விடியறதுக்கு முன்னாடி வண்டி வேணும், டீசல் வேணும். எடம், ஓடைக்கு அந்தாண்ட இருக்கற கயினி. தெளிக்கறதுக்குள்ள நான் அங்க இருக்கணும். நெலத்துக்காரர் பேரு சாமிநாதன். எங்கப்பா.