கையோடு கையாக

பெட்ரோல் குழாயின் கடைசி நட்டை இறுக்கினேனா என்ற சந்தேகம் எனக்கு வந்தது உண்மைதான். அது வந்தபோது கார் சாவியைத் திருப்பிவிட்டிருந்தேன். இது யாருக்கும் நடக்கக்கூடியது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் யோசிப்பவர்கள் இல்லையா? அவர்களையெல்லாம் கூப்பிட்டா விசாரிக்கிறீர்கள், மேடம்?

என் பெயர் வெண்டல் சோப்சாக். எழுதிக்கொண்டீர்கள், சரி. நானாகத்தான் வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தீவிபத்து விசாரணை அதிகாரியான நீங்கள் நேற்று என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியது தற்செயல். மேசைமேல் எதையோ வைத்துத் துணி போட்டு மூடியிருக்கிறீர்களே, அதை இப்போதே திறக்க வேண்டாம். துணி எழும்பியிருக்கும் விதத்திலேயே என்னவென்று தெரிகிறது. அந்த இடத்துக்கு நானே வருகிறேன்.

எங்கள் தீயணைப்பு நிலையத்தின் சமையலறையிலேயே விசாரணையை வைத்தது நல்லதாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை மீன் பொரித்த வாசனை இன்னும் போகவில்லை. அதோ அந்த எண்ணெய்ச் சட்டிகளுக்கு முன்னால்தான் நானும் ரூடியும் இறைச்சி விலக்கும் தவக்காலம் முழுக்கத் தோளோடு தோளாக நின்று, நிலையத்துக்கு நிதி சேர்க்க மீன் பொரிப்போம். ரூடி என் மனைவி டார்லீனின் அண்ணன். எங்கள் தன்னார்வக் குழுவின் தலைவர். தீயணைப்பு வண்டியை ஓட்டுபவரும் அவரே. அந்த வண்டியைப் பராமரிப்பது என் பொறுப்பு. யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாம் மனசுதான்.

டார்லீனும் வந்திருக்கிறாள். கதவருகே, மடியில் கைப்பையோடு. அவள் காரில்தான் வந்தோம். என்னுடையது இப்போது ஓடும் நிலையில் இல்லை.

எல்லாம் ஒரு சொட்டு எண்ணெயில் தொடங்கியது. என் கார் எண்பதுகளில் வந்தது. கறுப்பு நிறம், ஆறு சிலிண்டர், டர்போ. சிக்னலில் பக்கத்தில் நிற்பவன் நம்மைத் திரும்பிப் பார்ப்பான், பிறகு நாம் அங்கே இருக்கமாட்டோம். அப்படிப்பட்ட வண்டி. அதன் எஞ்சினுக்குப் பின்புறத்திலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, தரையில் ஒரு காப்பிக் கோப்பை அளவு வட்டம். டார்லீன் சமையலறையிலிருந்து ஆப்பிள் பை என்ற பலகாரம் சுடும் பழைய தகரத் தட்டைக் கொண்டுவந்து காலாலேயே அடியில் தள்ளிவிட்டுப் போனாள். நான் உடனே அதை வெளியே இழுத்துப் போட்டேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு வைப்பதுபோல அந்த எஞ்சினுக்கு அடியில் தட்டு வைப்பதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

கசிந்தது ஒரு ரப்பர் வளையம். விலை ஒரு சாண்ட்விச்சுக்குக்கூடக் காணாது. ஆனால் அதைத் தொடவேண்டுமென்றால் கியர்பெட்டியை இறக்க வேண்டும். கியர்பெட்டி வேலை பார்க்கும் கர்ட் கடையில் போய் நின்றேன்.

“இறக்குறதுதான் இறக்குற, கையோடு கையா கிளட்சையும் மாத்திடு,” என்றான் கர்ட். “இல்ல, மறுபடி ஒரு தடவ இறக்கலாம்னு ஆசையா?”

எங்கள் உலகத்தில் இதைவிட நியாயமான பேச்சு கிடையாது. கையோடு கையாக. நானும் மாற்றினேன். சாதாரணக் கிளட்ச் அல்ல, பந்தயக் கிளட்ச். அதை மிதிக்கவே தொடையில் தனி பலம் வேண்டும். அத்தனை முரட்டுக் கிளட்சுக்குப் பின்னால் பழைய எஞ்சின் நிற்பது பார்க்கப் பாவமாக இருந்தது. கையோடு கையாக அதன் சக்தியைக் கூட்டினேன். கூடிய சக்தி கியர்பெட்டியின் பற்களை உதிர்த்தது. உதிராத பற்கள் உள்ள கியர்பெட்டி போட்டேன். அது பின் அச்சை முறித்தது. முறியாத அச்சு போட்டேன். அது கனம். கனத்தைக் குறைக்கப் பின் இருக்கையைக் கழற்றினேன். பிறகு ஏசியை, பிறகு ஹீட்டரை. பென்சில்வேனியா குளிரில் ஹீட்டர் இல்லாத காரா என்று டார்லீன் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் குளிர்காலத்தில் அது ஓடும் நிலையில் இருந்ததே இல்லை.

“உன் சக்களத்தி வீட்டை விட்டு வெளிய போயே பாத்ததில்ல,” என்பாள். “போனாலும் இழுவை வண்டி மேல ஏறி மகாராணி மாதிரிதான் போறா.”

அவள் தமாஷாகச் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

செலவைப் பற்றிக் கேட்கிறீர்கள். கணக்கு பார்ப்பது எங்களிடையே கெட்ட சகுனம். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது என் மனதை உறுத்தியது. டார்லீனுக்கு வலது பக்கம் கடைவாயில் பற்கள் போய்விட்டன. கட்டிக்கொள்வதற்குப் பணம் சேர்த்து வைத்திருந்தாள். அந்தப் பணம்தான் கியர்பெட்டியின் பற்களாயிற்று. ஒரு வகையில் பல்லுக்குப் பல். அன்றிலிருந்து அவள் இடது பக்கமாகவே மெல்லுகிறாள். இடது பக்கம் எல்லாப் பற்களும் நன்றாகவே இருக்கின்றன.

பொட்டலங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் வருத்தப்படுவாள் என்று பக்கத்து வீட்டுத் திருமதி யூரிக்கின் பெயருக்கு வரவழைத்தேன். காருக்குச் சாமான் வாங்கும் கணவர்கள் எல்லாரும் செய்வதுதான். நடைச்சட்டம் பிடித்து நடக்கும் விதவை அவர். கூட ஒரு கிளி மட்டும். என் பெட்டிகளைத் தன் நிலவறையில் வாங்கி வைத்து, “தம்பி, உனக்கு இன்னிக்கும் சீதனம் வந்திருக்கு,” என்று வேலிக்கு மேலே எட்டிச் சொல்வார்.

இந்த நிலைமையில்தான் காரின் டர்போ போயிற்று. எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து மூச்சுக் கொடுப்பது அது. நான் செய்த மாற்றங்களுக்குப் பழைய டர்போ தாங்கவில்லை. புதிது வாங்கினால் மறுபடி டார்லீனின் தலையில்தான் விடியும். அங்கேதான் நான் ஒரு முடிவெடுத்தேன். இனி என் மனைவியை ஒரு காசுக்குக்கூடத் தொந்தரவு செய்வதில்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய டீசல் வண்டிகளின் டர்போவைக் காரில் போடுவது எங்கள் ஆட்களிடையே சகஜம். பழைய பள்ளிப் பேருந்து, லாரி எதிலிருந்தாவது எடுப்பார்கள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பெரிய டீசல் வண்டி ஒன்றுதான். அதன் சாவியும் என்னிடம்தான் இருந்தது.

அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை, மேடம். அந்த வண்டி என்னென்ன வேலை செய்கிறது என்று நிதானமாக யோசித்தேன். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் நடக்கிற வேகத்தில் போகும். கிறிஸ்துமஸுக்கு சாண்டாவை ஏற்றிக்கொண்டு மிட்டாய் எறியும். கோடையில் நீச்சல் குளங்களுக்குத் தண்ணீர் நிரப்பும். தீ என்று பார்த்தால் ஆற்றோரம் புல் பற்றும், அதுவும் சமதளம். டர்போ இல்லாமலும் டீசல் எஞ்சின் ஓடும், இழுக்காது, அவ்வளவுதான். மேட்டில் ஏறினால்தான் கஷ்டம். மேடு என்று எங்கள் ஊரில் இருப்பது சேப்பல் குன்று ஒன்றே. அதில் குடியிருப்பது யார்? நான். ஆபத்து முழுவதையும் என் தலைமேல் போட்டுக்கொண்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். திருமதி யூரிக் அந்தச் சமயத்தில் நினைவுக்கு வரவில்லை.

தீயணைப்பு வண்டியில் டர்போவைக் கழற்றிய இடத்தில் ஒரு குழாயை வளைத்துப் பொருத்தினேன். சுத்தமான வேலை. கையோடு கையாக வண்டியின் எண்ணெயையும் மாற்றிவிட்டேன். வண்டி கொஞ்சம் கறுப்புப் புகை விட்டது. ஊர்வலத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“என்னடா இது, ரயில் மாதிரி புகை விடுது?” என்றார் ரூடி.

“டீசல் சரியில்ல. இப்பல்லாம் எல்லா எடத்துலயும் கலப்படம்.”

“நீ சொன்னா சரி,” என்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். என் கராஜில் காருக்குப் பெட்ரோல் குழாயைப் பொருத்தி, கடைசி நட்டில் ஸ்பானரை வைத்தபோது பக்கத்தில் இன்னொரு நட்டு தளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. கை அங்கேதானே இருக்கிறது, கையோடு கையாக அதை முடித்துவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வரவில்லை. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிறகு எல்லாமே பிடித்தது. தீயணைக்கும் உருளையை எடை கருதிக் காரிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன். அலமாரி தீக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வெளியே ஓடிவந்து நின்றபோது, இடுப்பில் இருந்த நிலையத்து அழைப்புக் கருவி அலறி ஒரு முகவரியைச் சொன்னது. என் முகவரி. உடனே வரவும் என்றது. நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன்.

காற்று எங்கள் வீட்டுக்கு எதிர்த்திசையில் அடித்தது. எங்கள் வீட்டில் ஒரு திரைச்சீலைகூடக் கருகவில்லை. கராஜிலிருந்து தீ வேலியைத் தாண்டித் திருமதி யூரிக்கின் கூரைக்குப் போயிற்று. நான் ஓடிப்போய்க் கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு அவரை வாசலுக்குக் கூட்டிவந்தேன். பிறகு தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது குன்றின் அடியிலிருந்து வண்டியின் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே எஞ்சினின் உடம்பைச் சொல்லிவிடுவேன். மூச்சு இல்லாத வண்டி. மூச்சு எங்கே என்றால், எனக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

வண்டி வந்துகொண்டே இருந்தது. வந்து சேரவில்லை. அதற்குள் திருமதி யூரிக் கூண்டை நடைச்சட்டத்தில் மாட்டிக்கொண்டு, புகைக்குப் பயந்து சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டார். பாதி வழியில் வண்டியைச் சந்தித்தார். நின்று ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாராம்:

“ரூடி, தள்ளிவிடணுமாப்பா?”

ரூடி மேலே வந்து சேர்ந்தபோது கூரை உள்ளே விழுந்துவிட்டது. நாற்பது வருடமாகத் திருமதி யூரிக் வாழ்ந்த வீடு. நிலவறையில் எனக்கு வந்த இரண்டு பெட்டிகளும் போயின. நஷ்டம் இரண்டு பக்கமும்தான்.

திருமதி யூரிக் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். எங்கள் படுக்கையறையை அவருக்குக் கொடுத்துவிட்டோம். தினமும் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா என் கிளி போயிருக்கும் தம்பி,” என்கிறார். நான் எழுந்து போய்க் கிளிக்குத் தண்ணீர் வைக்கிறேன்.

நகரசபை ரூடியைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறது. வண்டியைத் தவறாக ஓட்டினார் என்று வியாழக்கிழமை விசாரணை. உங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவு. அவரைப் போய்ப் பார்த்தேன். இருண்டுபோன முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“திரும்பத் திரும்ப அதே ஏத்தம்தான் கண்ணுல நிக்குதுடா. நான் மூணாவது கியர்ல வந்திருக்கணுமோ? நாலுல வந்து மூச்ச அடச்சுட்டேனோ? சொல்லு, உனக்குத்தான் வண்டி தெரியும்.”

தோளில் கைபோட்டேன். ஆறுதல் சொன்னேன். ஆமாம், மூன்றாவது கியர் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும் என்றேன்.

இப்போது துணியை எடுத்துவிடுங்கள், மேடம்.

ஆமாம். அதுதான். வண்டியின் டர்போ. வார்ப்பிரும்பு, இந்தத் தீயெல்லாம் அதை ஒன்றும் செய்யாது. ஓரத்தில் சூடு தாங்கும் சிவப்புப் பெயிண்டில் எங்கள் நிலையத்தின் எண். களவு போகக்கூடாது என்று ஒவ்வொரு சாமானிலும் ரூடியே தூரிகை பிடித்து எழுதியது. சாம்பலில் நீங்கள் அதைக் கண்டெடுத்திருப்பீர்கள் என்று தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இன்று வந்திருப்பேனா என்று டார்லீன் வழியில் கேட்டாள். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

நான்தான் கழற்றினேன். திருமதி யூரிக்கின் வீட்டை எரித்தது நான். ரூடி எந்தக் கியரில் வந்திருந்தாலும் அந்த வண்டி ஏறியிருக்காது. இந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அவருக்குக் கண் மங்கல்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒன்று. ஒவ்வொரு படியும் நியாயமாகத்தானே இருந்தது? எந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்? கர்ட்டைக் கேட்டேன். அடுத்த கார்ல பாத்துக்கலாம் என்றான். பாதிரியாரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, மொத்தம் எத்தனை குதிரைசக்தி வந்தது என்றார். உங்களைக் கேட்டால் நீங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். என் பெண்டாட்டியையே கேட்கிறேன்.

“டார்லீன், நீ சொல்லு. நான் எங்க நிறுத்தியிருக்கணும்?”

“தட்டுல.”

“எந்தத் தட்டு?”

“ஆப்பிள் பை தட்டு, வெண்டல். எண்ணெய் சொட்டுச்சு, நான் தட்டு வெச்சேன். அதோட எல்லாம் முடிஞ்சிருக்கும். ரொம்பினா நானே கொண்டுபோய்க் கொட்டியிருப்பேன். ஒரு நாளாவது குறை சொல்லியிருப்பேனா?”

கேட்டீர்களா மேடம்? நேரான பதில். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஒப்புக்கொள்கிறேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தட்டு வைத்திருக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கார் தரையோடு தரையாக நிற்கும், மேடம். தட்டை எடுத்துக் கொட்டி, ஒழுங்காக அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டுமென்றால் காரைத் தூக்கியாக வேண்டும். தூக்குவதுதான் தூக்குகிறோம்…