கொல்லயிலில் நாய்க் காப்பகச் சுவர் விழுந்தது குறித்து ரோசம்மா சொன்னது

எனது பெயர் ரோசம்மா, வயது நாற்பத்தொன்பது, காலஞ்சென்ற தாசையன் என்பவரின் மனைவி. பாறசாலையை அடுத்த கொல்லயில் பஞ்சாயத்தில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை. வலது கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நான், ஆஸ்பத்திரியிலிருந்து போன தகவலின் பேரில் நேரில் வந்த உதவி ஆய்வாளர் ஆர்யா அவர்கள் கேட்க இதைச் சொல்கிறேன். எனக்கு மலையாளம் தெரியும் என்றாலும், நடந்ததே குழப்பமாக இருப்பதால் தமிழில் சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டதன் பேரில் தமிழில் எழுதப்படுகிறது.

வேலைக்குப் போய் வரும்போது பெரிய ரோட்டில் வண்டி மோதிக் கிடக்கும் நாய்களை எடுத்து வந்து வீட்டில் வைத்துப் பார்ப்பது எனது வழக்கம். அவற்றை ஏற்றி வருவது எங்கள் ஊர் ஆட்டோ ஓட்டுநர் சுந்தரன். அவர் என்னிடம் வாடகை வாங்குவதில்லை. வீட்டு முற்றத்தில் இடம் போதாமல் வந்தபோது அவர்தான், “எக்கா, இஞ்ச வச்சுப் பாத்தா எத்தற நாளைக்கு? ஊர்ல எல்லாரிட்டயும் பைசா பிரிவு எடுத்து ஒரு ஷெட்டு கெட்டுவோம். நான் உண்டு” என்று சொன்னார்.

அதன் பிறகு ஊரார் சேர்ந்து பிரியாணி செய்து விற்றுப் பணம் சேர்க்கும் பிரியாணி சலஞ்ச் நடத்துவது என்று முடிவாகி, சுந்தரனின் மனைவி சிஜி தலைமையில் பெண்கள் எல்லாரும் வெங்காயம் உரித்து, சமைத்து, பொதி கட்டினோம். காப்பகத்துக்காக என்று தெரியட்டுமே என்று முதலில் பொதிகளின் மேல் ஒரு நாயின் படத்தை ஒட்டியிருந்தோம். பெருங்கடவிளையில் ஒரு வீட்டில், “இது என்ன இறச்சியாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் பொதியைத் திருப்பித் தந்ததால், சுந்தரன் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி எல்லாப் படத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் கொண்டுபோய் விற்றார். எங்கள் வழியில் பிரியாணி வாங்காத வீடு கிடையாது. அதன் பிறகு, பொன்னப்பன் என்பவர் ரப்பர் மரம் வெட்டிய தமது பூமியில் ஓரமாகக் கொஞ்சம் இடம் தந்தார். அது சுந்தரனின் வீட்டுக்குப் போகும் வழியிலேயே உள்ளது. பஞ்சாயத்து அனுமதி கிடைத்து, கட்டு வேலை தொடங்கி, சுவர் என் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது.

அப்படி இருக்கும்போது சுந்தரனின் மகள் நந்தனாவை, டியூஷன் முடிந்து வரும் வழியில் நாய் கடித்துவிட்டது. தகவல் அறிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிஜி எனக்குச் சாயா தந்தாள். சுந்தரன் என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். பிள்ளையிடம் என்ன நிறத்து நாய் என்று கேட்டதற்கு ஒரு தடவை செம்பு நிறம் என்றாள், ஒரு தடவை கறுப்பு என்றாள். பிறகு அழத் தொடங்கியதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. என் நாய்களில் எதுவும் அன்று வெளியே போகவில்லை என்பது நான் அறிந்தவரை உண்மை. அதை அந்த வீட்டில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு வந்த சனிக்கிழமை காலையில் நான் கட்டட இடத்தில் இருக்கும்போது ஆண்களும் பெண்களுமாக ஊரார் வந்தார்கள். சுவருக்கான சிமெண்டுக் கட்டை சுமக்க ஆள் வரும் என்று சிஜி முன்பே சொல்லியிருந்ததால், அதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, எல்லாருக்கும் சாயா போட அடுப்பில் தண்ணீர் வைத்தேன். சுந்தரன், “எக்கா, மாறி நில்லுங்க” என்றார். மணல் லாரி வருவதாக நினைத்து நான் சுவரின் மறுபக்கம் போய் நின்றேன்.

அதன் பிறகு சுவர் ஆடியது. அது தானாகச் சரிகிறது என்று எண்ணி, விழாமல் இருக்க நான் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். அப்போது சுவரின் மேல் எனக்கு எதிரே சுந்தரனின் கைகளைக் கண்டேன். அவரும் என்னோடு சேர்ந்து தாங்குகிறார் என்றே அந்த நேரம் நினைத்தேன். சுவர் என் கால் மேல் விழுந்தது.

அதன் பிறகு, “எலே, என்னத்தப் பாத்துட்டு நிக்கிய, தூக்குங்கலே!” என்று சத்தம் போட்டுக்கொண்டு முதலில் ஓடிவந்து கட்டைகளை எடுத்து மாற்றியவர் சுந்தரன்தான். அவருடைய ஆட்டோவில்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வழி நெடுக அவர், “நீங்க அந்தப் பக்கம் நிக்கியது நான் அறியல்ல எக்கா, சத்தியமாக்கும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

மறுநாள் சிஜி கஞ்சி கொண்டுவந்தாள். வீட்டில் நாய்கள் பட்டினியோ என்று கேட்டேன். “பட்டிகளுக்குச் சோறு வச்சாச்சு, வெசனப்படாண்டாம். அவரு கொண்டு வச்சாரு, ஒண்ணும் தின்னல்ல. பொறவு உங்க நைட்டிய உடுத்திட்டு நான் போனேன். தின்னுச்சு” என்றாள். ஊருக்குக் காப்பகம் வேண்டாமா என்று நான் கேட்டேன். “வேணும் எக்கா. எங்க வழியில வேண்டாம்” என்றாள். பிரிவில் போட்ட பைசாவைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டதற்கு அவளுக்குக் கோபம் வந்தது. “அது பட்டிகளுக்குத் தந்ததாக்கும்” என்று சொல்லிவிட்டு எனக்குக் கஞ்சியைக் கரண்டியால் கோரி ஊட்டினாள்.

சுவரைத் தள்ளியது யார் என்று அதிகாரி கேட்டார். சுந்தரனின் கைகளைக் கண்டேன். கூட வேறு பல கைகள் இருந்தன. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது. வழக்கு வேண்டுமா என்று கேட்டார். என் காலைப் பொறுத்து எனக்கு யார் மேலும் பரிபவமோ மனத்தாங்கலோ இல்லை என்றும், சுவர் என்னுடையது மட்டும் அல்ல, அதற்குப் பைசா தந்த எல்லாருடையதும் என்பதால், அதன் காரியம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு அதிகாரி, “இடிச்சதும் அவங்கதானே சேச்சி?” என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதும் சொன்னதும் இவ்வளவே, இதில் கூட்டியது எதுவும் இல்லை.

(ஒப்பம்)
ரோசம்மா